கிழக்கே சூலம்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி ஜெயவேலுக்கு அவர் கம்பெனியில் கொடுத்தது. ஷூ கம்பெனி என்பதால் அட்டை அசல் தோல். உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் அச்சாகியிருக்கிறது. ஒரு மாதமாகப் பீரோ மேல் சும்மா கிடந்தது. திட்டம் எழுத வீட்டில் வேறு தாள் மிச்சமில்லாததால் நான் எடுத்துக்கொண்டேன்.

திட்டம் இது. வருகிற சனி, ஞாயிறு, சென்னை. நான், கணவர் ஜெயவேல், மகள் தாரிணி. ஆம்பூரில் விடியற்காலை ஐந்தரை மணி ரயில். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ. நங்கநல்லூரில் ஷப்னம் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரை. ஞாயிறு மாலை ரயிலில் வீடு.

ஷப்னம் வேலூர் காலேஜ் ஹாஸ்டலில் மூன்று வருடம் என் பக்கத்துக் கட்டில். அடுத்த புதன்கிழமை புருஷனோடு கனடாவுக்குப் போகிறாள், அங்கேயே தங்கிவிட. தாரிணிக்கு ஒன்றே முக்கால் வயது ஆகப்போகிறது, ஷப்னம் அவளை இன்னும் தூக்கியதில்லை. நாங்கள் போவதாக இருந்து மூன்று முறை நின்றுபோனது. ஒரு முறை மழை வரும்போல் இருந்தது. ஒரு முறை தாரிணி இரண்டு தடவை தும்மினாள். மூன்றாவது முறை காரணம் இப்போது ஞாபகம் வரவில்லை, ஆனால் நல்ல காரணம்.

இன்று காலை ஷப்னத்தின் வாய்ஸ் மெசேஜ்: "ஏய் ஹேமா, இந்தத் தடவையும் வரலன்னா கனடா போயி இறங்கின உடனே உன்ன பிளாக் பண்ணிடுவேன்டீ. கார் அனுப்பட்டுமா? வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கும்."

கார் வேண்டாம் என்றேன். காரில் ஏதாவது ஆனால் நாங்கள் மூன்று பேரும் ஒரு டிரைவரும்தான். ரயில் பெட்டியில் ஏதாவது ஆனால் நூறு பேர் இருப்பார்கள்.

ஏதாவது ஆகும் என்று சொல்லவில்லை. போன ஏப்ரலில் பஸ்ஸில் நடந்ததற்குப் பிறகு, ஊசி போடப் போவதைத் தவிர, தாரிணியைத் தெருமுனை தாண்டி நான் கொண்டுபோனதில்லை. பத்து மாதம். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இது திட்டத்துக்கான டைரி.

மத்தியானம் பேபி அக்கா வந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்காரரை பேபி என்று கூப்பிடும் தெரு இது. எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே நாலாவது வீடு, ஜாக்கெட் தைக்கிறார். "ஓசூர்ல என் நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பு. வெள்ளிக்கெழம கெளம்பி ஞாயித்துக்கெழம ராத்திரிதான் வருவேன். உன் ஜாக்கெட்ட அதுக்குள்ள முடிக்கணுமா, வந்து குடுத்தா போதுமா?" என்று கேட்டார். வந்து கொடுத்தால் போதும் என்றேன். துவரம்பருப்பு ஊறப்போட்டேன். மாவு அரைத்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜெயவேல் டிக்கெட் போட்டார். போகும்போது வெயிட்டிங் லிஸ்ட் ஆறு, ஏழு. எனக்கு நிம்மதியாக இருந்தது. கவலையாக இருந்தது என்று எழுத வந்தேன்.

"கன்ஃபர்ம் ஆயிடும் ஹேமா" என்றார்.

"ஆகலன்னா?"

"ஆயிடும்."

"ஆகலன்னா என்னன்னு கேட்டேங்க."

"ஆகலன்னா ஜெனரல்ல நின்னுகினே போலாம்." இப்படி ஒரு பதிலைக் கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லக்கூடிய மனுஷன். எதற்கும் அசையமாட்டார். பஸ்ஸில் அன்று நடந்ததைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுகூட, "சரியாயிடுச்சு இல்ல? வா, டீ குடிக்கலாம்" என்றுதான் சொன்னார்.

எடுத்துப்போக வேண்டிய பொருள்களின் பட்டியல் முப்பத்தொன்றில் தொடங்கி நாற்பத்து மூன்றில் நிற்கிறது. டயபர் பதினான்கு ஒரே எண்ணில் அடங்கும். காய்ச்சல் மருந்து, அளக்கும் தெர்மாமீட்டர், அது கெட்டால் இன்னொரு தெர்மாமீட்டர். டாக்டர் எழுதிக்கொடுத்த, மூக்கில் அடிக்கும் மருந்து. கொசுவலை. தாரிணியின் பெயரும் எங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டை. குடை. எலுமிச்சம்பழம். ஆம்பூரிலும் சென்னையிலும் எலுமிச்சம்பழம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

துணி துவைத்தேன். ஜெயவேல் சட்டையைக் கழற்றிப் போடும்முன் இப்போதெல்லாம் பாக்கெட்டைத் தானே காலி செய்துவிடுகிறார். கல்யாணமான புதிதில் பாக்கெட்டில் ஏதாவது இருக்கும், சீட்டு, பேனா மூடி, மிட்டாய்க் காகிதம். இப்போது ஒன்றுமே இருப்பதில்லை. சிகரெட்டோ என்று முகர்ந்து பார்த்தேன். தோல் வாசனைதான்.

பிப்ரவரி 4, புதன்

மெட்ரோ ரயிலின் கதவு எத்தனை விநாடி திறந்திருக்கும் என்று நேற்றிலிருந்து வீடியோக்கள் பார்க்கிறேன். ஒருவர் இருபது என்கிறார், ஒருவர் முப்பது. நான் பதினைந்து என்று வைத்துக்கொண்டேன்.

ஜெயவேல் வேலையிலிருந்து வந்ததும் ஒத்திகை. படுக்கையறை வாசல்தான் மெட்ரோ கதவு. ஹால் பிளாட்பாரம். தலையணை தாரிணி. நிஜத் தாரிணி சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பார்த்தாள்.

"கதவு தொறக்குது" என்று நான் சொன்னதும் அவர் ஒரே தாவலில் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "சீட்டு பிடிச்சுட்டேன்!" என்றார்.

தலையணை பிளாட்பாரத்திலேயே இருந்தது.

தாரிணி கைதட்டினாள். நான் சிரிக்கவில்லை. அதன்பிறகு விதிகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். விதி ஏழு: குழந்தையோடு இருப்பவர் முதலில் ஏற வேண்டும். விதி எட்டு: சீட்டு பிடிக்கக் கூடாது. விதி ஒன்பது: பிரிந்துபோனால் உள்ளே போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் இதை எல்லாம் படிப்பார் என்ற நம்பிக்கை இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தார், மோர் குடித்தார், மூடினார்.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. இந்த டைரியின் சனிக்கிழமைப் பக்கம். சூலம்: கிழக்கு. பரிகாரம்: தயிர். ஆம்பூரிலிருந்து சென்னை நேர் கிழக்கு. சரி, திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம் என்று புரட்டினேன். சூலம்: மேற்கு. சனி, ஞாயிறில் எங்கள் ஊர்க்காரர்கள் சென்னை போய்வரவே கூடாது என்று ஏற்பாடு போலிருக்கிறது. திரும்பும் ரயில் ஐந்து ஐம்பத்தைந்துக்கு, அன்று ராகு காலம் ஆறு மணி வரை.

நான் எம்.எஸ்ஸி புள்ளியியல். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அரக்கோணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அதுக்கு எதுக்குடீ கவலப்படற? பரஸ்தானம் வெச்சுடு" என்றாள். "நாளைக்கு நல்ல நேரத்துல ஊருக்கு எடுத்துனு போற பைய கிழக்கால இருக்கற யார் வூட்லயாவது கொண்டுபோயி வெச்சுடு. அன்னிக்கே நீ கெளம்பினதா அர்த்தம். சனிக்கெழம போறப்ப அந்தப் பைய எடுத்துனு அப்டியே போய்டணும். வூட்டுக்குத் திரும்பக் கூடாது."

"பை கிளம்பினா நாங்க கிளம்பின மாதிரியாம்மா?"

"பின்ன? அரசாங்கத்துல ஃபைல் கெளம்பினா வேல ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொல்றாங்க இல்ல?"

எழுதப்போவதில்லை என்று சொன்னதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றும் தூக்கம் வராது. ஏப்ரலில் நானும் தாரிணியும் மட்டும் வேலூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது, வெயில் என்று நினைத்தேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் மடியில் விறைத்துப்போனாள். கண் மேலே செருகியது. நான் கத்தினேனாம். எனக்குக் கேட்கவில்லை. யாரோ குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள், யாரோ ஜன்னல்களைத் திறந்தார்கள், டிரைவர் ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் ஆம்பூரில் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே பஸ்ஸை விட்டார். ஒருத்தர்கூட என் ஸ்டாப் போச்சே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்று தாரிணி அழ ஆரம்பித்திருந்தாள். காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு வரும், நூறில் மூன்று நாலு பேருக்கு, ஐந்தாறு வயதில் போய்விடும், வெளியே போங்கள், வாருங்கள், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். மறுபடி வந்தால் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்தார். நூறில் மூன்று என்பதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சின்ன எண் என்று சொல்லிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

டிக்கெட் கன்ஃபர்ம். ஜெயவேல் கம்பெனியிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். "ஏன் அழற?" என்றார். வெங்காயம் என்றேன்.

நல்ல நேரம் பத்தே முக்கால் முதல் பதினொன்றே முக்கால் வரை. நீலப் பையில் நாற்பத்து மூன்றையும் அடைத்து, ஜிப் மூடாமல், குடையை வெளியே கட்டி, பத்து ஐம்பதுக்குத் தாரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிழக்கே மூன்றாவது வீட்டில் நாய் இருக்கிறது. அதற்கு அடுத்தது பேபி அக்கா.

அக்கா வாயில் ஊசியும் காலடியில் துணியுமாக இருந்தார். "இன்னாடி இது, குடும்பத்தோட வெளிய வந்துட்டியா? ஜெயவேல் தம்பி அடிச்சுட்டாரா?"

பரஸ்தானம் என்றேன்.

"படிச்சவங்கதான் இதெல்லாம் கரீக்டா செய்றீங்க. அந்தக் கட்டில் அடியில வெய்யி. பைக்குள்ள இன்னா கீது, அம்மிக்கல்லா?"

அவருக்கு எட்டு ஜாக்கெட் பாக்கி, அதனால் அதிகம் பேசவில்லை. நானும் அதிகம் பேசவில்லை. பையைக் கட்டில் அடியில் தள்ளிவிட்டு வந்தேன். திரும்பும்போது கை இரண்டும் லேசாக இருந்தன. தாரிணி பையைப் பார்த்து டாட்டா காட்டினாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

தாரிணிக்கு ஐந்து தடவை காய்ச்சல் பார்த்தேன், கையால், தெர்மாமீட்டர் இரண்டும் பையில் இருப்பதால். இல்லை.

மூன்று மணிக்கு ஜன்னலில் நின்றிருந்தபோது பேபி அக்கா மயில்கழுத்துப் பட்டில், கையில் சூட்கேஸோடு ஆட்டோவில் ஏறினார். கையாட்டினேன். அவரும் ஆட்டினார். அந்த நிறம் அவருக்கு நன்றாக இருக்கிறது.

இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வைத்தாயிற்று. சீக்கிரம் படுக்க வேண்டும்.

பிப்ரவரி 7, சனி
(நங்கநல்லூர்)

எங்கிருந்து தொடங்குவது.

மூன்றரைக்கு எழுந்து குளித்து, சூலத்துக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன் தயிர் குடித்து, வீட்டைப் பூட்டினோம். தாரிணி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெயவேல் கையில் இட்லியும் பால் ஃபிளாஸ்க்கும் இருந்த துணிப்பை. பேபி அக்கா வீட்டில் நீலப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே ஆட்டோ.

பேபி அக்கா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. என் உள்ளங்கை அகலப் பூட்டு.

மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது. ஜெயவேல் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் போன் போட்டேன். அக்கா எடுத்ததும், "ஐயய்யோ, கொழந்தைக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகலக்கா. பை..."

"எந்தப் பை?"

"கட்டில் அடியில."

பின்னால் யாரோ குறட்டை விடுவது ஓசூரிலிருந்து தெளிவாகக் கேட்டது. "அடிப்பாவி! திங்கக்கெழமையே சொன்னேனேடி வெள்ளிக்கெழம ஓசூருக்குப் போறேன்னு! நேத்து ஆட்டோ ஏறறப்ப ஜன்னல்ல நின்னுகினு கையாட்டினியே! பை வோணும்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது? பைய நீ எப்பவோ எடுத்துட்டன்னு நெனச்சேன். சாவி என் இடுப்புல கீது. இங்கிருந்து தூக்கிப் போடட்டுமா?"

போனை வைத்தேன். "சரி, போக வேண்டாம்" என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மூட்டையை இறக்கிவைத்தது மாதிரி இருந்தது.

"வீட்டுக்குப் போயி வேற பை கட்டு. பத்து நிமிஷம் இருக்கு" என்றார் ஜெயவேல்.

"கிளம்பிட்டுத் திரும்ப உள்ள போகக் கூடாதுங்க."

"அப்ப உள்ள போகாத. ஸ்டேஷனுக்குப் போ."

"டயபர் இல்ல."

"சென்னையில இல்லாத டயபரா?"

"தெர்மாமீட்டர்?"

"சென்ட்ரலுக்கு எதிர்லயே பெரிய ஆஸ்பத்திரி கீது ஹேமா. வண்டிய விட்டு எறங்கினா ரோட்டத் தாண்டினா போதும்."

"மூக்குல அடிக்கிற மருந்து பையில இருக்குங்க." இதற்குப் பதில் கிடையாது என்று எனக்குத் தெரியும். இதற்காகவே கடைசியில் வைத்திருந்தேன்.

அவர் சட்டைப் பாக்கெட்டில் பேனாவுக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு சின்ன அட்டை டப்பாவை எடுத்தார். அதே மருந்து. டப்பாவின் நாலு மூலையும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"எப்ப வாங்கினீங்க?"

"ஏப்ரல்ல. அன்னிக்கே, டீ குடிச்சுட்டு வந்தப்ப. ரெண்டு வாங்கினேன், ஒண்ணு உன்கிட்ட குடுத்தேன்."

"இத எப்பவும் வெச்சிருக்கீங்களா?"

"ம்."

"கம்பெனிக்குப் போறப்பவும்? கம்பெனியில தாரிணி இல்லியே?"

"இல்லதான்." நாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சட்டைய மாத்தறப்ப எடுத்து அடுத்த சட்டையில வெச்சுடுவேன். நீ பார்க்கக் கூடாதுன்னு."

"ஏன்?"

"நான் பயப்படலன்னு நெனச்சுகினு இருந்த இல்ல? அதயும் ஏன் கெடுக்கணும்?"

தெருவிளக்கு வெளிச்சத்தில் டப்பாவைத் திருப்பிக் காலாவதி தேதி பார்த்தேன். அடுத்த வருடம்வரை இருக்கிறது. பார்த்து முடித்தபோது நான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

ரயில். காட்பாடி தாண்டும்வரை தாரிணி தூங்கினாள். எழுந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தாள், பாவாடை, என் புடவை, எதிர் சீட்டு அம்மாவின் செருப்பு வரைக்கும். கடைசி டயபர் அதுதான். அந்த அம்மா செருப்பை ஜன்னல் பக்கம் உதறிவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "யார்கிட்டயாவது கொழந்தைக்கு டயபர் கீதாம்மா?" என்றார். நாலு வரிசை தள்ளி ஒரு கை உயர்ந்தது. டயபர் கை மாறிக் கை மாறி வந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கானது. தாரிணிக்கு மார்பு வரை இருந்தது. "பரவால்ல, பனியன் மிச்சம்" என்றார் அந்த அம்மா.

அந்தப் பெட்டியில் நூற்றெட்டுப் பேர் இருக்கலாம் என்று நினைக்கிறேன். எண்ணவில்லை.

சென்ட்ரலில் மெட்ரோ. எஸ்கலேட்டரில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றோம். வண்டி வந்தது, கதவு திறந்தது. விதி ஏழுப்படி நான் முதலில் காலை வைக்க வேண்டும். வைக்கப்போனேன், பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தேன். நாலு விரல் அகலம்தான். நின்றுவிட்டேன். பின்னால் வந்த கூட்டம் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்தோடு ஜெயவேலும் உள்ளே போய்விட்டார், நான் முன்னாலேயே போய்விட்டேன் என்று நினைத்து. உள்ளே திரும்பி என்னைத் தேடி, கண்ணாடி வழியாகப் பார்த்தார். கதவு மூடியது. கண்ணாடியில் கையை வைத்தார். வண்டி போய்விட்டது.

தலையணை பிளாட்பாரத்தில் நின்றது. இம்முறை நான்தான் தலையணை.

அப்புறம்தான் தோன்றியது. மருந்து அவர் பாக்கெட்டில். பை பேபி அக்கா கட்டில் அடியில். என் கையில் தாரிணியும், ரயிலில் சாப்பிட எடுத்த இட்லி டப்பாவும்.

பத்து மாதத்தில் நானும் அவளும் மட்டும் தெருமுனை தாண்டி வெளியே இருப்பது இதுதான் முதல் தடவை. போர்டில் அடுத்த வண்டி ஏழு நிமிஷம் என்று காட்டியது.

"அப்பா டாட்டா" என்றாள் தாரிணி.

"ஆமா. அப்பா டாட்டா."

"பை டாட்டா."

"பையும் டாட்டா."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஏழு நிமிஷத்தில் மூன்று தடவை. எனக்கு இது மிகவும் குறைவு. யூனிபார்ம் போட்ட ஒரு பெண் வந்து, "என்னம்மா, சார் மட்டும் போயிட்டாரா? அடுத்த ஸ்டேஷன்ல நிப்பாரு, பயப்படாதீங்க" என்றாள். "நிக்க மாட்டாரு. விதி எதையும் அவர் படிக்கல" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தாரிணிக்குக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். ஒரு இட்லியைப் பிய்த்துத் தாரிணிக்குக் கொடுத்தேன், ஒன்றை நான் தின்றேன். மெட்ரோவில் தின்னக் கூடாது என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை.

வண்டி வந்தது. கதவு திறந்தது. இடைவெளியைப் பார்க்காமல் தாரிணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைத்தேன். உள்ளே ஒரு காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுத்தான். கதவு மூடும்வரை மனதுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டு.

அரசினர் தோட்டம் ஸ்டேஷன். கதவு திறந்த இடத்துக்கு நேர் எதிரே ஜெயவேல் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"விதி ஒன்பது" என்றார்.

வலது கையை மூடி வைத்திருந்தார். விரிக்கச் சொன்னேன். மருந்து டப்பா. ஒரு பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. "இத எப்டி உன்கிட்ட குடுக்கறதுன்னுதான் யோசிச்சுகினு இருந்தேன்" என்றார். அந்த மனுஷனுக்கு மூச்சு வாங்கியது. அவர் அசைந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது என்று எழுதினால் தப்பாகுமா தெரியவில்லை.

"இந்தா, நீயே வெச்சுக்கோ" என்றார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். "இட்லி ஒண்ணு இருக்கு, சாப்பிடறீங்களா?"

ஷப்னம் வாசலிலேயே தாரிணியைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கடீ லக்கேஜ்?" என்றாள். வியாழக்கிழமையே கிளம்பிவிட்டது, ஆனால் இன்னும் வந்துசேரவில்லை என்றேன். இரண்டு பேரும் ஹாஸ்டலில் சிரிப்பதுபோல் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள், கனடாவில் தாரிணி கிடைக்கமாட்டாளே என்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

கடல் பார்த்தோம். நேற்று நேரமாகிவிட்டதால் இன்று காலை போனோம், பஸ்ஸில். தாரிணி அலையைப் பார்த்து "டாட்டா" என்றாள். அலை ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும் ரயிலில்தான் எழுதுகிறேன், அதனால்தான் கிறுக்கல். வண்டி எப்போது கிளம்பியது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பேபி அக்கா நீலப் பையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். "இந்தா உன் அம்மிக்கல்லு. இது இல்லாம போயிட்டு வந்துட்டியா? பரஸ்தானம் பலிச்சுதா இல்லியா?"

"பலிச்சுதுக்கா."

"பை இங்கியே இருந்துதே, எப்டி பலிச்சுது?"

பையை வாங்கி உள்ளே வைத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் ஹேமா, நான் ஊருக்குப் போறது நெஜமாவே உனக்கு ஞாபகம் இல்லியா?"

இல்லை என்றேன். அவர் போனபிறகு போன திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பக்கத்திலும் இருக்கிறது, புடவை நிறத்தோடு. மறந்துவிட்டேன். யாருக்கும் மறக்கும்.

பையைப் பிரித்தேன். எலுமிச்சம்பழம் பழுத்து மஞ்சளாகிவிட்டது. மூக்கு மருந்தை மட்டும் எடுத்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மத்தியானம் அவர் சட்டையைத் துவைத்தபோது பாக்கெட்டில் ஒரு மிட்டாய்க் காகிதம் இருந்தது.

சாயங்காலம் மோர்க்குழம்புக்குத் தயிர் இல்லை. தாரிணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. அடுத்த தெருவில் ஒரு கடை இருக்கிறது, போனோம். தாரிணி வழியில் ஒரு மாட்டுக்கும் ஒரு டிராக்டருக்கும் டாட்டா காட்டினாள். ஒரு பாக்கெட் தயிரோடு வந்துசேர்ந்தோம்.

இதை எழுதி முடித்தபிறகுதான் இன்றைய பக்கத்தின் தலையைப் பார்க்கிறேன். திங்கள், சூலம்: கிழக்கு. அந்தக் கடையும் கிழக்கேதான். பரிகாரம் என்ன என்று அடுத்த வரியைப் பார்த்தேன். தயிர்.